சாருக்கும் ஒரு பங்கு

போன மாதம் சிதம்பரத்தில் எங்கள் பழைய ஆபீசுக்குச் சும்மா போயிருந்தேன். அங்கே இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பயனாளிக்கு ஆடு கொடுத்தால் ஆடும் பயனாளியும் ஒரே படத்தில் இருக்கணுமாம். ஆட்டின் காதில் மாட்டிய வில்லை எண் தெரியணுமாம். இந்தப் படத்தில் ஆடு தலையைத் திருப்பிக்கொண்டதால் செல்லாதாம்.

"உங்க காலத்துல எப்பிடிண்ணே போட்டோ எடுப்பீங்க?" என்று ஒரு பெண் கேட்டது.

"எங்க காலத்துல ஒரே ஆடும்மா. பயனாளி ஒரு தெரு. படத்துல அடங்காது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். அதை எழுதிக் கொடுங்கள் என்று அந்தப் பெண்தான் கேட்டது. எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதில் பாதி வரை என்று சொன்னால் இன்னும் சரி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு லோடு ஏற்றினேன். பண்ருட்டியில் பலாப்பழ மண்டியில் இருந்தேன். சிப்காட்டில் டிரம் உருட்டினேன், அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. லாரியில் கிளீனராக ஏறி நாக்பூர் வரை போய், வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரே இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சுனாமி வந்து போன பிறகு கடலூர் கரை முழுக்க ஜீப்பாக வந்து இறங்கியது. ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தில் டிரைவராகச் சேர்ந்தேன். எந்த வேலையிலும் நிற்காத நான் அந்த வேலையில் மட்டும் நின்றதற்குக் காரணம், அது தினமும் வேறு வேறு ஊருக்குப் போகிற வேலை.

எங்கள் திட்ட ஒருங்கிணைப்பாளர் ஞானப்பிரகாசம் சார். கடலூர்க்காரர், சமூகப்பணியில் பெரிய படிப்பு. எந்த நாற்காலியானாலும் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார், புது பிளாஸ்டிக் நாற்காலியானாலும். துடைத்த பிறகு கைக்குட்டையை நாலாக மடிப்பார். அதுவரைக்கும் கூட்டம் ஆரம்பிக்காது. யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் பேச்சு செந்தமிழாக மாறிவிடும். ஒரு முறை நான் டீசல் போட மறந்து நடு ரோட்டில் நின்றபோது, "சேகர், தாங்கள் சற்றே முன்யோசனையுடன் செயல்பட்டிருக்கலாம்" என்றார். அடி வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எங்களுக்கு ஒதுக்கிய தெரு கிள்ளைக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் இருந்தது. நண்டுமேடு என்று சொல்வோம். முழுக்க இருளர்கள். படகு கிடையாது, வலை கிடையாது. கழியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். சுனாமியில் படகு போனவர்களுக்குப் படகு வந்தது, வலை போனவர்களுக்கு வலை வந்தது. இவர்களுக்குத் தொழில் கையில் இருந்தது. கை போகவில்லை, அதனால் ஒன்றும் வரவில்லை. நாங்கள் போனதே ரொம்பத் தாமதமாகத்தான்.

முதல் கூட்டத்தில் சார் தெருவின் கூட்டக் கொட்டகைச் சுவரில் பெரிய சார்ட் ஒட்டினார். பிரச்சினையைச் சிவப்பில் எழுதுவார், தீர்வை நீலத்தில் எழுதுவார்.

"பத்து வருஷம் கழிச்சு உங்க தெரு எப்பிடி இருக்கணும்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பச்சையம்மா என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், அந்தத் தெருவில் சத்தம் அவளுடையதுதான். "தண்ணி" என்றாள்.

சார் சிவப்பில் தண்ணீர் என்று எழுதினார். "அடுத்து?"

"நல்ல தண்ணி."

"அது எழுதிட்டேம்மா. வேற?"

"வேறன்னா, கிட்டக்க இருக்கிற தண்ணி."

சுற்றிலும் தண்ணீர்தான், எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு இறால் பண்ணைக் கரை மேலே நடந்து, ரோட்டோரம் இருக்கிற ஊர்த்தெருக் குழாய்க்குப் போகணும். அங்கேயும் ஊர்த்தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் இவர்கள் குடம் வைக்கலாம். இதை அவர்கள் ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது மாதிரி சொன்னார்கள்.

சார் பேனாவை மூடினார். "அம்மா, இந்தக் கட்டத்துல வாழ்வாதாரம் மட்டுந்தான். அதாவது ஆடு. தண்ணிய ரெண்டாங்கட்டத்துல நானே எழுதிச் சேக்கிறேன். மொதல்ல ஆடு நல்லா நடக்கணும். அப்பத்தான் ரெண்டாங்கட்டம் வரும்."

"ஆடு நல்லாத்தான் நடக்கும் சார். அதுக்கு நாலு காலு இருக்கில்ல?" என்றான் காத்தவராயன். பச்சையம்மாவின் கொழுந்தன். என்னைப் பார்த்த அன்றைக்கே மச்சான் ஆக்கிக்கொண்டவன். தெருவில் பங்கு பிரிக்கிறவன் அவன்தான்.

சார் சிரிக்கவில்லை. சிவப்பில் எழுதிய தண்ணீருக்குப் பக்கத்தில் நீலம் போட இடம் விட்டுவிட்டு, கீழே பச்சையில் ஆடு என்று எழுதினார். சார் சொன்னபடியே இரண்டாங்கட்டத்தில் குடிநீரை எழுதி அனுப்பினார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தபாலைப் போட்டவன் நான்.

முன்னோட்டமாக ஒரு ஆடு வாங்க அனுமதி வந்தது. ஒரே ஒரு ஆடு. அது குட்டி போட்டு நன்றாக இருந்தால்தான் மற்றது. சாரும் நானும் வேப்பூர் சந்தைக்குப் போனோம். சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் உங்கள் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலை அழுத்தி விலை சொல்வார். சார் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இப்படி ஒளிவுமறைவா எல்லாம் வேணாங்க. எங்களுக்கு மூணு பேர்கிட்டேர்ந்து கொட்டேசன் வேணும்."

"ஆட்டுக்கா?"

"ஆட்டுக்குத்தான்."

தரகர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் போய்த் தன் மச்சானையும் மாமனாரையும் கூட்டிவந்தார். மூன்று பேரும் ஒரே ஆட்டுக்கு மூன்று விலை சொல்லி, மூன்று தாளில் கைநாட்டு வைத்தார்கள். சார் குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்து, நியாயமாக நடந்த திருப்தியுடன் கைக்குட்டையை மடித்தார். ஆடு இளம்சினை. கறுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஜீப்பில் முன் சீட்டில் உட்காராமல் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. சார் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

நண்டுமேட்டில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பச்சையம்மா பேர் வந்தது. சார் கை தட்டினார். பச்சையம்மா முகம் சுருங்கிப்போனது.

"எம்பேரு மட்டும் ஏன் சார் வந்துச்சு? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பில்லம்மா, அதிர்ஷ்டம். இது உங்க ஆடு. உங்களுக்கு மட்டும்."

"எனக்கு மட்டுமா?" என்று அவள் காத்தவராயனைப் பார்த்தாள். "டேய், பங்கு பிரிடா. தெருவே பாக்குது, மானம் போவுது."

இங்கேதான் அந்தத் தெருப் பழக்கத்தைச் சொல்லணும். கழியிலிருந்து வந்து பறியைக் கரையில் கொட்டும்போது யார் யார் அங்கே நிற்கிறார்களோ அத்தனை பேருக்கும் பங்கு. கழியில் இறங்கினவனுக்கும் பங்கு, கரையில் நின்று கொட்டாவி விட்டவனுக்கும் பங்கு. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இரண்டு. வழி கேட்க வந்த ஆளாக இருந்தாலும் அந்த நேரத்தில் நின்றால் பங்குதான். பங்கை வேண்டாம் என்று சொன்னால் அந்தத் தெருவோடு சண்டை என்று அர்த்தம்.

காத்தவராயன் நின்றவர்களை எண்ணிக் கூழாங்கல் போட்டான். சாருக்கு ஒரு கல். எனக்கு ஒரு கல்.

"அறுத்தா இன்னிக்கே பங்கு. கத்தி எடுக்கவா சார்?"

சார் ஆட்டின் முன்னால் போய் நின்றுகொண்டார். "அறுக்கக் கூடாது! இது வளர்க்கிற ஆடு!"

"அப்ப நாள் பங்கு. ஆளுக்கு ஒரு நாளு. அன்னிக்கி மேய்ப்பு, தண்ணி, பொறுப்பு எல்லாம் அவுங்கது. சார் சொல்லிட்டாரு, எல்லாரும் கேட்டுக்குங்க."

அறுக்காமல் விட்டதே போதும் என்று சார் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் வினை.

ஒரு நாள் காலையில் ஆபீஸ் வாசலில் சத்தம். பச்சையம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் ஆடு. டவுன் பஸ்ஸில் கூட்டிவந்திருக்கிறாள்.

"இன்னிக்கி சார் மொற."

"என்ன முறை?"

"ஆட்டு மொற சார். பங்கு வாங்கினீங்க இல்ல? கண்டக்டரு வேற ஆட்டுக்கு டிக்கெட்டு கேட்டான். அது ஆபீசுக்குப் போவுதுப்பான்னு சொன்னேன், பேசாம விட்டுட்டான்."

நிறுவன விதி ஒன்று உண்டு. பயனாளியிடமிருந்து ஊழியர் எந்தப் பொருளும் பெறக்கூடாது, டீ கூட. சார் அதைப் பொறுமையாக விளக்கினார். பச்சையம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்களோட சண்டையா சார்?" என்றாள். இரண்டு கூட்டத்துக்கு முன்னால் வேறொரு நிறுவனத்து ஆள் ஒரு பங்கு நண்டை வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவரோடு யாருமே பேசாமல் போனது சாருக்குத் தெரியும்.

"சேகர், நீ ஓட்டிட்டுப் போய் மேய்ச்சுக் கொண்டா" என்றார்.

"டைவருக்கு அவுரு மொற தனியா வரும் சார். உங்க பங்க அவுரு எதுக்கு மேய்க்கணும்?"

அன்று ஞானப்பிரகாசம் சார் இன் பண்ணின சட்டையோடு கான்சாகிப் வாய்க்கால் கரையில் ஆடு மேய்த்தார். பச்சையம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய், "அங்க வுடாதீங்க சார், அது நெல்லு. இங்க இழுங்க, அருகம்புல்லு" என்று பாடம் நடத்தினாள். வழியில் தெரிந்தவர்கள் வணக்கம் வைத்தார்கள். சார் கயிற்றை இடது கைக்கு மாற்றிப் பதில் வணக்கம் வைத்தார். திரும்பி வந்த ஆடு, ஆபீஸ் மாடியிலிருக்கும் வீட்டுக்காரம்மா வளர்த்த டிசம்பர் பூச்செடியை முழுசாக முடித்தது. அந்த அம்மாவிடம் சார் பேசியது அத்தனையும் செந்தமிழ்.

என் முறையில் ஆட்டை ஜீப்பின் முன் சீட்டில் வைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டை வரை போய் வந்தேன். எங்கள் இருவருக்குமே அதுதான் பிடித்திருந்தது.

இப்படியே ஆட்டுக்கு நிறைமாதம் ஆனது. அப்போதுதான் சென்னையிலிருந்து வசுந்தரா மேடம் வந்தார், பணம் கொடுக்கிறவர்கள் சார்பில் மதிப்பிட. அவர் நல்லபடியாக எழுதினால் இரண்டாங்கட்டம், அதில்தான் தண்ணீர். எழுதாவிட்டால் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போகவேண்டியதுதான். இதைத் தெருவில் எல்லாருக்கும் சார் நாலைந்து தரம் சொல்லியிருந்தார். கேள்வி கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

அவர்கள் உள்ளது உள்ளபடி சொன்னார்கள்.

"இந்த ஆடு யாரோடது?" என்று மேடம் கேட்டார்.

"சாரோடது" என்றது மொத்தத் தெருவும். அன்றைக்கு சார் முறை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சாரோடதா?"

"ஆமாம் மேடம். காலையிலதான் ரெண்டு குட்டி போட்டுது" என்றாள் பச்சையம்மா, சாருக்கு நல்ல பேர் வாங்கித் தருகிற சந்தோஷத்தில். "குட்டிங்க குடிச்சது போவ, மீதி சீம்பாலு சாருக்குத்தான் எடுத்து வெச்சிருக்கோம். நாங்க யாரும் தொடல."

சாருக்குக் காது சிவந்தது. "அம்மையீர், தாங்கள் தவறாகப் பொருள் கொண்டுவிட்டீர்கள். இது இவ்வூரின் மரபு சார்ந்த..."

"மிஸ்டர் ஞானப்பிரகாசம், பயனாளி ஆட்டுல சீம்பால் வாங்குறதுதான் மரபா? இத நான் எழுதாம இருக்க முடியாது. ரெண்டாங்கட்டத்த நீங்க மறந்துடலாம்."

அவர் ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார். தெருக்காரர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நன்றாகப் புரிந்தது. பச்சையம்மா மேடத்தைப் பார்த்தாள், காலியாக இருந்த குடங்களைப் பார்த்தாள், காத்தவராயனைப் பார்த்தாள்.

"டேய், குட்டி வந்துருக்கு இல்ல? பழைய பங்கு செல்லாது. புதுசா பிரி. எல்லாரும் நிக்கிறாங்க."

காத்தவராயன் கூழாங்கல்லை எடுத்தான். என்னைப் பார்த்து, "மச்சான், வண்டிய எடுத்துடாத" என்றான். நான் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அதைத் தேடத் தொடங்கினேன்.

மேடத்துக்கு ஒரு கல் விழுந்தது. புதுப் பங்காளிக்குத்தான் முதல் முறை. பச்சையம்மா கயிற்றைக் கொண்டுபோய் மேடம் கையில் கொடுத்தாள்.

"இன்னிலேர்ந்து மொத நாளு உங்க நாளு மேடம்."

"நோ நோ, நான் எதுவும் வாங்கக் கூடாது."

"எங்களோட சண்டையா மேடம்? நாங்க என்னா பண்ணோம்?"

குழந்தைகள் உட்பட எல்லாரும் மேடத்தையே பார்த்தார்கள். சார் தொண்டையைக் கனைத்தார். "உள்ளூர்ப் பழக்கங்களுக்கு மதிப்பளிக்கணும்னு வழிகாட்டுதல்ல இருக்கு மேடம். நீங்க எழுதுன பகுதிதான்."

மேடம் கயிற்றைப் பிடித்தார். ஒரு நாள் வேண்டாம், சாயங்காலம் வரைக்கும் என்று ஒப்பந்தம்.

குட்டி போட்ட ஆட்டுக்குத் தாகம் ஜாஸ்தி. அதுவும் நல்ல தண்ணீர்தான் கொடுக்கணும், உப்புத் தண்ணீர் கொடுத்தால் வயிறு கழியும். தெருவில் இருந்த தண்ணீரெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. முறைக்காரர்தான் கொண்டுவரணும். ஒரு நீலக் குடத்தை மேடத்திடம் கொடுத்தார்கள். நான் கூடவே போனேன். வழி காட்டலாம், குடத்தைத் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

இறால் பண்ணைக் கரை வழுக்கும். மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஊர்த்தெருக் குழாயடியில் வரிசை. ஒரு அம்மா நீலக் குடத்தைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தது.

"இது அந்தத் தெருக் கொடம்தான? ஓரமா வை. நாங்க புடிச்சதும் புடி."

"நான் சென்னையிலேர்ந்து வரேங்க."

"நீ எங்கேர்ந்து வந்தா என்னா? கொடம் அங்கேர்ந்துதான வருது?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஓரத்தைக் காட்டினேன். வெயிலில் நின்றோம். வரிசை முடிந்ததும் குழாயில் நூலாக வந்ததைப் பிடித்து, இடுப்பில் வைக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கரை மேல் தளும்பத் தளும்ப வந்தார். சேலை முழுக்க நனைந்துவிட்டது. ஆட்டின் முன்னால் குடத்தை வைத்தார். ஆடு முகர்ந்து பார்த்தது. ஒரு வாய் குடித்தது. அப்புறம் குட்டி மடியை முட்டிய வேகத்தில் ஆடு காலை உதறியது. குடம் உருண்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாதவர்கள் குடிசைக்குள் போய்விட்டார்கள்.

மேடம் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தார். இந்த முறை தண்ணீர் பிடித்துத் திரும்பும்போது நடுக்கரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு குடத்தைச் சாய்த்து மடமடவென்று அவரே குடித்தார். எதிரே வந்த பச்சையம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அது ஆட்டுக்கு மேடம்."

"தெரியும். வாயி வறண்டு போச்சும்மா."

"குடிங்க குடிங்க. நீங்களும் பங்காளிதான?"

மீதியை ஆடு குடித்தது, இந்த முறை உதறாமல். மேடம் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சார் துடைக்க எடுத்த கைக்குட்டை அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"மிஸ்டர் ஞானப்பிரகாசம்," என்றார் மேடம், காலைத் தேய்த்துக்கொண்டே, "இந்தத் தெருவுக்கு மொதல்ல தேவை தண்ணிக் குழாய். இத்தன கூட்டம் போட்டிருக்கீங்க, இது ஏன் உங்க யாருக்குமே தோணல?"

சார் கொட்டகைச் சுவரைப் பார்த்தார். சிவப்பில் தண்ணீர் என்று எழுதிய சார்ட் அங்கேதான் இருந்தது. பச்சையம்மா வாயைத் திறந்தாள். காத்தவராயன் அவள் காலை மிதித்தான். சார் கைக்குட்டையை நிதானமாக நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நல்ல யோசனை மேடம்" என்றார். அவரை நான் பெரிய மனுஷர் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

குழாய் வர இரண்டு கோடை ஆனது. பஞ்சாயத்து, அனுமதி, பள்ளம், வழியில் ஒரு பண்ணைக்காரர் தகராறு என்று சார் நடந்து நடந்து செருப்பு மாற்றினார். ஆனால் வந்தது. தெரு நடுவில் தண்ணீர் வந்த அன்று, மேடத்தின் அறிக்கையை சார் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். குடிநீர்: உடனடித் தேவை, பரிந்துரைக்கப்படுகிறது. ஆடு வளர்ப்பு: தோல்வி, பயனாளி யார் என்று கண்டறிய இயலவில்லை.

"தோல்வின்னா என்னா சார்?" என்றான் காத்தவராயன்.

"ஆடு திட்டம் சரிவரலன்னு அர்த்தம். இனிமே ஆடு தரமாட்டாங்க."

காத்தவராயன் குழாயைப் பார்த்தான். பச்சையம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நல்ல ஆடு சார் அது. தண்ணியே கொண்டாந்துச்சு. எப்பிடியாச்சும் பேசி இன்னொண்ணு வாங்கிக் குடுங்க. ரோடு வேணும்."